நான் பிறகு சாப்பிடுறன்

அந்த அக்காவின் கையால் நான் சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்கில்லை. அவர் சாப்பிட்டு நான் பார்த்ததோ அபூர்வம். வைலே என்ற ஊரில் எனக்குக் கீழ்வீட்டுக்காரர் அவர். வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து டென்மார்க் போய்ச் சேர்ந்து, தக்காளிச் சாதத்தைத் தவிர வேறொன்றும் சமைக்கத் தெரியாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்த நாட்கள். மாடிப்படியில் என் கையிலிருந்த கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டு, தமிழோ என்று கேட்டார். ஆமாங்க என்றேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை, உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டார். உங்களுக்குத் தட்டு எங்கே என்று கேட்டதற்கு, "தம்பி வரட்டும் பிள்ளை. நான் பிறகு சாப்பிடுறன்" என்றார்.

தம்பி என்றது அவருடைய ஒரே மகனை. அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில் இருந்தான். அன்று அவன் வர நேரமாயிற்று. நான் சாப்பிட்டு, கை கழுவி, டீயும் குடித்து முடித்தேன். அக்கா சமையலறை ஜன்னலோரம் போய் நின்றுவிட்டார். அங்கிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் தெரியும். என்னோடு பேசிக்கொண்டேதான் இருந்தார், ஆனால் கண் மட்டும் என்னிடம் இல்லை.

முதியோர் இல்லம் ஒன்றில் அவருக்குச் சலவை வேலை. விடிவதற்குள் போய், மதியம் தாண்டித் திரும்புவார். வந்ததும் சமைப்பார். சமைத்ததை மூடிவைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவார். வீட்டு ஆள் வெளியே இருக்கும்போது அவர் வாயில் ஒரு பருக்கை போகாது. இது விரதமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. அவர் அப்படித்தான்.

அவருடைய கணவரை நான் பார்த்ததில்லை, நான் வருவதற்குள் இறந்துவிட்டார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் இந்த ஒரே விஷயம்தான். முன்பு அவர்கள் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் இருந்தபோது மனிதருக்கு அங்கே தொழிற்சாலை வேலை. வேலை முடிந்ததும் நண்பர்கள் ஒரு வீட்டில் கூடிச் சீட்டு விளையாடுவார்களாம். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் இவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவாராம். எல்லாரும் கேலி செய்வார்கள். பொண்டாட்டிக்குப் பயந்த ஆள் என்பார்கள். அக்கா அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அதுதான் பிரச்சினையே. திட்டினால் திருப்பித் திட்டலாம். பசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை என்ன செய்ய முடியும்? கார் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத்தான் முடியும்.

மகன் இரண்டு வயிற்றோடு வளர்ந்தான். டேனிஷ்காரர்கள் வீட்டில் ஆறு மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். விளையாடப் போன பிள்ளையையும் மேசையில் உட்காரவைத்துவிடுவார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து, இங்கே அம்மா முன்னால் பசித்தவன் மாதிரி இன்னொரு முறை சாப்பிடுவான். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லலாம்தானே என்று கேட்டேன். சொன்னால் அவருக்குச் சாப்பாடு இறங்காது என்றான். வகுப்பில் ஒருத்தரின் பிறந்தநாளுக்கு வயிறு முட்ட பீட்சா தின்றுவிட்டு வந்து, இங்கே இடியப்பமும் தின்று, கழிப்பறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் வாந்தி எடுத்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச காலத்தில் நானும் அந்த வலையில் மாட்டிக்கொண்டேன். தனியாக இருக்கிற பெண், வெளிநாட்டில் பட்டினி கிடக்கும் என்று அவராகவே முடிவு செய்து என்னையும் வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அலுவலகத்தில் வேலை இழுத்துக்கொண்டு போனால், அக்கா ஜன்னலில் நிற்பாரே என்று மணியையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் சொந்த அம்மாவுக்கு நான் அவ்வளவு பயந்ததில்லை. கடைசியில் சைக்கிள் கொட்டகைப் பக்கமாகப் பின்வாசல் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, அது வழியே திருடி மாதிரி என் வீட்டுக்குப் போகப் பழகினேன். ஒருநாள் அந்த வாசலிலும் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றார். கோபமே இல்லை. "இதால வந்தனீங்களோ, நல்லது, இதுதான் கிட்ட" என்றார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பழமொழியாகக் கேட்டதுண்டு. அக்கா விஷயத்தில் அது வைத்தியர் வார்த்தையாகவே வந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து, மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்ற நிலைமை. மகன் அப்போது ஆர்ஹூஸில் பல்கலைக்கழகத்தில் படித்தான். வாரக் கடைசி தவறாமல் ரயிலேறி வருவான். ஒரு வெள்ளிக்கிழமை புயல் அடித்து ரயில்கள் நின்றுவிட்டன. அவன் வழியில் ஏதோ நிலையத்தில் மாட்டிக்கொண்டு, சாப்பிடுங்கள் அம்மா என்று போனில் கத்தியிருக்கிறான். ஓம் ஓம் என்றிருக்கிறார். எனக்குப் போன் செய்து கீழே போய்ப் பாருங்கள் என்றான். போய்ப் பார்த்தேன். மூடிவைத்த சட்டிகளுக்குப் பக்கத்தில், சமையலறைத் தரையில் கிடந்தார்.

ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டார். மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து டேனிஷ் மொழியில் சொன்னான்: நான் நேரத்துக்கு வீட்டுக்குப் போகாவிட்டால் என் அம்மா செத்துப்போவார், இப்படி எந்தப் பிள்ளைக்காவது இருக்குமா? கோயிலுக்கு வருகிற பெண்கள் பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று அவனைத்தான் குறை சொன்னார்கள். அவன் மனம் கல்லாயிருந்தால் தப்பித்திருப்பான்.

படிப்பு முடிந்ததும் அவனுடைய டேனிஷ் நண்பர்கள் எல்லாரும் செய்வதையே அவனும் செய்தான். முதுகுப் பையை மாட்டிக்கொண்டு தென்னமெரிக்கா போனான். சில மாதங்களில் வருகிறேன் என்று போனவன், பெருவில் பூனோ என்ற ஊரில் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். அவ்வளவு தூரத்திலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு வரமுடியாதுதானே என்று எனக்கு எழுதியிருந்தான். அவன் அம்மாவை அவன் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அக்கா தன் நேரத்தை மாற்றிக்கொண்டார். அவன் அங்கே காலையில் சாப்பிட்டதும் "சாப்பிட்டன்" என்று போனில் ஒரு வார்த்தை எழுதவேண்டும். அது வந்த பிறகுதான் இவருக்கு இங்கே மதியச் சோறு. இடையில் ஏழு மணி நேரம் வித்தியாசம். அவன் மதியம் சாப்பிட்டுச் செய்தி அனுப்பும்போது இங்கே ஊர் அடங்கியிருக்கும்.

பிறகு அந்த ஒரு வார்த்தையும் நின்றுபோயிற்று.

நான் போய்ப் பார்த்தபோது போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன், அப்போது மயக்கம் வராது என்று பெரிய தந்திரம்போல் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அவரை உலுக்கியிருப்பேன். அவனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் விடுதியில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கோடை விடுமுறைக்குப் பெரு போவதாக நான் ஏற்கெனவே திட்டம் போட்டிருந்தேன். உங்கள் பையனை நேரிலேயே பார்த்துவிட்டு வருகிறேன், நீங்கள் சாப்பிடுங்கள் என்று சமாதானம் சொன்னேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேன். மறுநாள் காலை பாஸ்போர்ட்டும் கையுமாக என் வாசலில் நின்றார். ஒவ்வொரு சுற்றுலாவிலும், நீங்கள் போய்ப் பாருங்கோ, நான் பைகளைப் பாத்துக்கொண்டு இருக்கிறன் என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிடுகிற மனுஷி அவர். தம்பியைக் கூட்டிக்கொண்டு வரவேணும் என்றார். அவனுக்கும் சேர்த்துத் திரும்பி வரும் டிக்கெட்டை எடுக்கச் சொன்னார்.

பூனோ உயரமான ஊர். நான்கு படி ஏறினால் நெஞ்சு அடிக்கிறது. அக்கா வந்து இறங்கிய அன்றைக்கே விடுதிச் சமையலறையைக் கைப்பற்றினார். அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அரிசி வேகாது. அடுப்பைத் திட்டினார், அரிசியைத் திட்டினார், கடைசியில் வைலேயிலிருந்து கொண்டுவந்திருந்த வறுத்த மாவில் புட்டு அவித்தார். மகன் மெலிந்து, தாடி வைத்து, வெயிலில் கறுத்து, நான் இதுவரை பார்த்திராத ஒரு நிம்மதியோடு இருந்தான். அம்மாவைப் பார்த்ததும் அந்த நிம்மதி போயிற்று. ஏன் செய்தி அனுப்புவதை நிறுத்தினாய் என்று நான் தனியாகக் கேட்டேன். சாப்பிட்டன் என்று எழுதுவதற்காகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பசியே மறந்துபோச்சு என்றான்.

அன்று மாலை விடுதி அறையில் நான் அக்காவிடம் வெடித்துவிட்டேன். நீங்கள் சாப்பிடாமல் இருப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அவர் போர்வைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"எங்கட அண்ணை சைக்கிளில டவுனுக்குப் போனவர். மத்தியானம் வாறன் எண்டுதான் போனவர். அவர் வந்தாப் பிறகுதான் எல்லாரும் சாப்பிடுறது. அண்டைக்கு எனக்குப் பசிச்சுது பிள்ளை. நான் சாப்பிட்டிட்டன். அவர் வரேல்லை. அம்மா ஒண்டுதான் கேட்டவ, உனக்குப் பொறுக்கேலாமப் போட்டுதோ எண்டு."

அண்ணனை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. அக்காவுக்கு அப்போது பாவாடை சட்டை போடுகிற வயது. நான் என்னென்னவோ சொன்னேன். சண்டை நடந்த காலம், ஆட்கள் காணாமல் போன காலம், நீங்கள் சாப்பிட்டதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். அதெல்லாம் எனக்கும் தெரியும் என்றார். தெரிந்திருந்தது, ஆனால் வயிற்றுக்குத் தெரியவில்லை. மகனுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "சொல்லேல்லை. சொன்னா அவனும் இதுக்குள்ள மாட்டுப்பட்டுப் போவான். நீங்களும் சொல்லாதேங்கோ" என்றார்.

மறுநாள் மகன் எங்களைச் சில்லுஸ்தானிக்குக் கூட்டிப்போனான். விடுதியிலிருந்து வேன் போயிற்று. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குன்று, அதன்மேல் கல் கோபுரங்கள். இன்காக்களுக்கும் முன்னால் அங்கே இருந்த ஜனங்கள் தங்கள் இறந்தவர்களை வைத்த இடம் அது. வாசலிலேயே அக்கா நின்றுவிட்டார். "செத்தவையின்ர இடத்துக்குப் போனா முழுகவேணும். இந்தக் குளிருக்குள்ள ஆர் முழுகிறது? நீங்கள் போங்கோ" என்றார். நான் விடவில்லை. கையைப் பிடித்து மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போனேன்.

கோபுரம் என்றதும் நமக்குக் கோயில்தான் நினைவு வரும். இவை வேறு மாதிரி. வழவழவென்று செதுக்கி இடைவெளியில்லாமல் அடுக்கிய கற்கள், அடியைவிட உச்சி பருத்திருக்கிறது, ஜன்னல் கிடையாது. கிழக்குப் பார்த்துத் தரையோடு தரையாக ஒரே ஒரு சின்ன வாசல். ஆள் தவழ்ந்துதான் உள்ளே போகமுடியும். சில, இடி விழுந்தோ புதையல் தேடியவர்கள் கைபட்டோ பாதி சரிந்துபோயிருந்தன. காற்று சட்டைக்குள் புகுந்து அடித்தது. அந்தப் பொந்தில் குனிந்து பார்த்தேன், உள்ளே ஒரே இருட்டு.

வழிகாட்டி ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல மகன் தமிழில் சொன்னான். இறந்தவரை முழங்காலை மடக்கி, துணி சுற்றி உள்ளே உட்காரவைப்பார்களாம். அதோடு விட்டுவிடுவதில்லை. நல்ல நாள்களில் வீட்டு ஆட்கள் இந்த வாசலுக்கு வந்து சாப்பாடும் குடிக்கவும் வைப்பார்களாம். அந்தப் பயணத்தில் முதல்முறையாக அக்காவின் முகம் மலர்ந்தது. நல்ல சனம் என்றார். ஆர் சாப்பாடு கொண்டுவாறது, பிள்ளையளோ என்று கேட்கச் சொன்னார். பிள்ளைகள்தான், அப்புறம் அவர்களுடைய பிள்ளைகள் என்றார் வழிகாட்டி. எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார். அவர்களும் உள்ளே போகும்வரைக்கும் என்று பதில் வந்தது. அக்கா மகனைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை.

மொழிபெயர்க்கும்போது தமிழ் பேசினாலும், அம்மா கேட்பதற்கு டேனிஷில் பதில் சொல்வதுதான் அவன் வழக்கம். அன்று தமிழில் சொன்னான்.

"அம்மா, நான் உயிரோட இருக்கிறன். ஆனா உங்களுக்கு நான் உதுக்குள்ள இருக்கிற ஆள். நீங்கள் வாசலில சாப்பாட்டோட நிக்கிறியள். எனக்கு வெளியில வர இடமில்லை."

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு ஏரிப் பக்கம் இறங்கிப் போனான். அக்கா காதிலே விழாதவர்போல, காத்துப் பலமா அடிக்குது, அவன் தொப்பி போடேல்லை என்றார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டுப் பெட்டி மடியில் இருந்தது. காலையில் மாத்திரை போட்டிருந்தார்; நானே பக்கத்தில் நின்று போடவைத்தேன். இப்போது விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. அக்கா, சாப்பிடுங்க என்றேன். மகன் இறங்கிப்போன பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் கிளம்பப் போகிறது என்று வழிகாட்டி வந்து சொல்லிவிட்டுப் போனார். சத்தியமாகச் சொல்கிறேன், அவரை அந்த இடத்தில் விட்டுவிட்டு ஓடிப்போக வேண்டும்போல் இருந்தது எனக்கு. மகன் எதற்காக இத்தனை கடல் தாண்டி வந்தான் என்று அப்போதுதான் உடம்பில் உறைத்தது.

கடைசியில் அக்கா பெட்டியைத் திறந்தார். புட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். ஆறிப்போயிருந்தது. எனக்கு ஒரு பங்கை எடுத்து மூடியில் வைத்துத் தந்தார். பிறகு கையால் அள்ளித் தன் வாயில் போட்டார். மென்றார், விழுங்கினார், இன்னொரு பிடி அள்ளினார். கண் பாதையை விட்டு நகரவில்லை. நான் படித்த பெண், கணினியோடு வேலை செய்கிறவள். ஆனால் அவர் விழுங்கிய ஒவ்வொரு வாய்க்கும், கடவுளே அந்தப் பையன் திரும்பி வந்துவிட வேண்டும் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

தன் பங்கை முடித்துவிட்டு அக்கா எழுந்தார். சற்றுத் தள்ளி, செம்மறியைப் போல ரோமம் அடர்ந்த அல்பாகா ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கம்பளித் தொப்பிகளைப் பரப்பி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மகனுக்கு என்று வைத்திருந்த பங்கை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அவன் வந்தான். குளிரில் மூக்குச் சிவந்திருந்தது. அழுதிருக்கவும் கூடும். காலிப் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அம்மாவின் கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தான்.

"சாப்பிட்டிட்டியளோ?"

"ஓம். பசிச்சுது. சாப்பிட்டன்."

"எனக்கு?"

"முடிஞ்சுது தம்பி. நீ பசிச்சா எங்கயும் வாங்கிச் சாப்பிடு."

அவன் பிறந்த நாளிலிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டதும் அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அண்ணனின் கதையை அவனிடம் சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். அந்தப் பிடியில் சொல்லாதேங்கோ என்பதும் இருந்தது.

மகனுக்காக எடுத்திருந்த மூன்றாவது டிக்கெட்டைப் பற்றி அக்கா அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அது என் பையில் கிடந்து அப்படியே வீணாயிற்று.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பூனோ பஸ் நிலையத்துக்கு நாங்கள் வந்தபோது அவன் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தான். பைகளை ஏற்றினான். அக்கா முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அவன் வெளியே நின்று ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். சாப்பிட்டியோ என்று கேட்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். கேட்கவில்லை. உதட்டை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் அவனே கேட்டான்.

"அம்மா, நீங்கள் இனி எப்ப வருவியள்?"

"அது எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. "என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதை. நீ போ."

அவன் போகவில்லை. பஸ் வாசலைத் தாண்டித் திரும்பும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.